ஆர்ட்டிகிள்ஷிப்பில் படிப்பு கைக்கு வருவது எப்படி?

(தில்லி அங்கத்தினர்கள் கூட்டத்தில் ஆடிட்டர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சி.ஏ. படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகள் நம்மில் பல. அவர்களுடைய இன்ஸ்டிடியூட்டின் தலைமையகமும் இதே தில்லியில், இந்திரப்பிரஸ்த மார்க்கில்தான் இருக்கிறது. மூன்று வருஷமாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப், 2023 ஜூலை 1 முதல் அமலான புதிய திட்டத்தில் இரண்டு வருஷமாகிவிட்டது. பெற்றோருக்குச் சந்தோஷம். ஆபீஸ் நடத்தும் எங்களுக்குக் கொஞ்சம் கவலை. முன்பு முதல் வருஷம் ஜெராக்ஸிலும் வவுச்சரிலும் போனாலும் மீதி இரண்டு இருந்தது. இப்போது போனால் பாதி போச்சு!

குழந்தைகள் படிக்காமல் வருவதில்லை. கணக்கில் சரக்கு பெரிய தொகையாக இருந்தால் ஆடிட்டர் நேரில் போய், எண்ணுவதைப் பார்க்க வேண்டும் என்கிறது எஸ்.ஏ. 501. கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். மார்ச் 31 அன்று ஓக்லாவில் ஒரு கோடவுனுக்கு அனுப்பினால் என்ன நடக்கிறது? ஸ்டோர் கீப்பர் கொடுத்த பட்டியலை வாங்கி, வரிசையாக டிக் போட்டுவிட்டு வருகிறார்கள். பட்டியலில் உள்ள சரக்கு ரேக்கில் இருக்கிறதா என்பது மட்டும் அதில் தெரியும். ரேக்கில் இருந்தும் பட்டியலில் ஏறாத சரக்கு தெரியாது. அதற்கு ரேக்கிலிருந்து நாலு பெட்டியை எடுத்து, பட்டியலில் தேட வேண்டும். அன்றைய கடைசி வரவுச் சீட்டு, கடைசி டெலிவரி சலான் இரண்டின் எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. கோடவுனின் தூசியில் ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஞாபகம் வரவழைப்பது சீனியரின் வேலை. புறப்படும் முன் பத்து நிமிஷம், "அங்கே போய் என்ன செய்யப் போகிறாய்?" என்று அவனையே சொல்லச் சொல்ல வேண்டும். அன்று சாயங்காலமே அவன் எழுதியதைப் பார்க்க வேண்டும். சீக்கிரமே இன்னொரு கோடவுனுக்கு அவனையே முன்னால் அனுப்ப வேண்டும். ஆறு மாசம் கழித்து அனுப்பினால் மறுபடி முதலிலிருந்துதான். கற்றது வேலையில் இறங்க ஆள், பயிற்சி, வேலைச் சூழல் மூன்றும் சேர வேண்டும் என்று 1988-லேயே பால்ட்வின், ஃபோர்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். நாம் திட்டுவது ஆளை மட்டும்.

இன்னொன்று. கிளையண்ட் இடத்தில் சந்தேகம் வந்தால் பையன் பார்ட்னரைக் கேட்க மாட்டான், பயம். இரண்டாம் வருஷ ஆர்ட்டிகிளைத்தான் கேட்பான். அவர் "போன வருஷ ஃபைலைப் பார்த்து அப்படியே போடு" என்றால் படித்தது அங்கேயே நின்றுவிடும். ஆகவே அந்த இரண்டாம் வருஷப் பிள்ளையை முதலில் தயார் செய்யுங்கள் என்று என் சக ஆடிட்டர்களிடம் சொல்லி வருகிறேன்.

பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். பெயருக்கு ஆர்ட்டிகிள்ஷிப், பகலெல்லாம் கோச்சிங் கிளாஸ் என்ற ஏற்பாட்டை எங்களிடம் தயவுசெய்து கேட்காதீர்கள். அதற்குப் பதில் சேர்க்கும் முன், கம்பெனி ஆடிட், ஜி.எஸ்.டி., வருமான வரி எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுப்பார்களா, எழுதியதை யார் பார்ப்பார்கள் என்று விசாரியுங்கள். அப்படிக் கேட்பதை எந்த நல்ல ஆபீஸும் தப்பாக எடுத்துக்கொள்ளாது.