கடன் கேளாத விடுதிக்காரர்



2023 மார்கழி விடுமுறையிலே பாரிஸ் நகரில் வாழும் என் தமையனாரிடம் சென்றிருந்தேன். ஊரே குளிரில் விறைத்துக் கிடந்தது. ஐந்து மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். ஒரு மாலை அண்ணர், "தம்பி, மாத்துடுப்பு ஒரு சோடி எடு. இண்டைக்கு வேறை இடத்திலை தங்கப் போறம்" என்றார்.

செய்ன் நதியின் இடக்கரையில், போஸார் வீதியில், 13ஆம் இலக்கக் கட்டடம் அது. அந்த ஹோட்டலின் பெயரே 'ஹோட்டல்' என்பதுதான்! மொத்தம் 20 அறைகள். ஒன்றைப் போல மற்றொன்று இல்லை. 16ஆம் இலக்க அறையின் சுவரிலே மயில்கள். கட்டடத்தின் நடுவே கிணறு போல வட்டமான வெளி. அதைச் சுற்றி மாடிகள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, எங்கள் வளவுக் கிணற்றுக்குள் இறங்கி வானம் பார்த்த ஞாபகம் வந்தது.

"ஓரிரவுக்கு என்ன காசு, அண்ணா?"

"அது உனக்கேன்? நீ பள்ளிக்கூடத்திலை கதை சொல்லிக் குடுக்கிற எழுத்தாளர் செத்த இடமெல்லே இது."

அப்போதுதான் விளங்கியது. ஒஸ்கார் வைல்ட்! 'மகிழ்ச்சியான இளவரசன்' கதையை 1888இல் வெளியிட்டவர். தன் பொன்னையும் மணிகளையும் ஏழைகளுக்கு ஈந்த சிலையையும், அதற்குத் துணையாகக் குளிரில் தங்கி மடிந்த குருவியையும் எத்தனை வகுப்புகளில் நான் விதந்து பேசியிருப்பேன்!

தன்பாலுறவைக் குற்றமாக்கிய அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி, 1895இல் வைல்டுக்கு இரண்டாண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. 1897இல் விடுதலையானதும் பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சுக்கு வந்தார். புகழும் பொருளும் போய்விட்டன. வேறொரு விடுதி, வாடகைப் பாக்கிக்காக அவருடைய உடைமைகளைத் தடுத்து வைத்திருந்தது. அந்தக் கடனைக் கட்டி உடைமைகளை மீட்டுக் கொடுத்து, அவருக்கு இடமளித்தவர் இந்த வீட்டை அந்நாளில் நடத்திய டுப்வாரியே. அன்று இது மலிவான விடுதி. 1900 நவம்பர் 30ஆந் திகதி வைல்ட் இங்கேயே கண்மூடினார். விடுதிக் கணக்குத் தீரவில்லை. ஆயினும் மரண ஊர்வலத்துக்கு, தம்மிடம் குடியிருந்தவருக்கு என்று பொறித்த மணிவளையம் ஒன்றை டுப்வாரியே வைத்தார். பாக்கியைப் பின்னர் நண்பர் ரொபேட் ரொஸ் கொடுத்துத் தீர்த்தார்.

இவற்றை நான் சொல்லி முடித்தபோது அண்ணர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"தொண்ணூறாம் ஆண்டு மாரியிலை நான் இஞ்சை வந்தனான். லாசப்பலுக்குக் கிட்ட ஒரு சின்ன லொட்ஜ். வேலையில்லை, விசாவில்லை. ரண்டு மாசம் அந்தக் கிழவன் என்னட்டை வாடகை கேக்கேல்லை. கோப்பை கழுவிற வேலை கிடைச்சாப் போலை பாதிதான் குடுத்தன். மிச்சத்தைக் கொண்டு போன நாளிலை லொட்ஜ் பூட்டிக் கிடந்தது. ஆளைப் பிடிக்க முடியேல்லை."

வீட்டுக்கு மாதந் தவறாமல் காசு அனுப்பிய அண்ணர், முப்பது வருடங்களாக இதை எவரிடமும் சொன்னதில்லை. அந்தக் காசில் வளர்ந்து பட்டதாரியானவன் நான். என் படிப்பிலும் அந்தக் கிழவரின் பங்கு இருக்கிறது என்பதை அன்றிரவுதான் அறிந்தேன். மெத்தை பஞ்சாக இருந்தும் உறக்கம் வரவில்லை.

காலையில் வெளியேறும்போது வாசற்சுவரைப் பார்த்தேன். வைல்டின் பெயர் பொறித்த கல் இருக்கிறது. பின்னாளில் இங்கு தங்கிய ஆர்ஜென்டீன எழுத்தாளர் போர்ஹேஸுக்கும் ஒரு கல் இருக்கிறது. டுப்வாரியேயின் பெயரோ என் கண்ணிற் படவில்லை. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். கொடுக்கக் காசில்லாதவனை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தும் விடுதிக்காரனையும் அந்த அதிகாரத்திலே சேர்த்துத்தான் இனி என்னாற் படிப்பிக்க முடியும்.

அங்கிருந்து அண்ணர் என்னைத் தமது பழைய தெருவுக்குக் கூட்டிச் சென்றார். அந்த லொட்ஜ் இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை. அண்ணர் கையுறையைக் கழற்றிவிட்டு, அதன் வாசலிற் சற்றுநேரம் நின்றார். நானும் நின்றேன்.