கால்நடைக்கு ஒரு நற்சான்று

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் நெடுஞ்சாலை, பிலிமத்தலாவையைக் கடந்து கடுகண்ணாவைக் கணவாயை அடைகின்றது. அங்கிருந்து மாவனல்லைக்கு இறங்குபவர் மத்திய மாகாணத்தை விட்டுச் சப்பிரகமுவ மாகாணத்துள் புகுகின்றார். மாகாணம் மாறியதை லொறியில் நிற்கும் மாடு அறியாது. மாட்டினுள் மறைந்து வரும் நோய்க்கோ எல்லையென்பதே கிடையாது. ஆதலினாற்றான் மாட்டை ஏற்றிச் செல்பவர் கையில் அனுமதிப்பத்திரம் இருத்தல் வேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது.

1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் கால்நடைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியது. நோய் கண்ட பிரதேசத்திலிருந்து பிராணிகள் வெளியேறாவண்ணம் தடுக்கும் அதிகாரத்தை 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் வழங்கியது. இவற்றைக் கவனிக்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், பிலிமத்தலாவைக்கு அண்மையில், பேராதனையிலேயே அமைந்துள்ளது.

மாடு கொழுகொழுவென்று நிற்கும்போது சான்று எதற்கு எனச் சிலர் வினவுவர். கால்வாய் நோய் தொற்றிய மாட்டிலே அதன் குறிகள் தோன்ற இரண்டு முதல் பதினான்கு நாள் வரை செல்லலாம். குறி தோன்றுமுன்னரே அது பிற மாடுகளுக்கு நோயைப் பரப்பவும் கூடும். ஆகவே மிருக வைத்தியர் மாட்டை மட்டும் பார்த்தல் போதாது. அது புறப்படும் ஊரிலே நோய் உண்டா என்பதையும் அறிதல் வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, மாநில எல்லை கடக்கும் குதிரைக்குச் சுகாதாரச் சான்றோடு இரத்தப் பரிசோதனை முடிவையும் கேட்பது வழக்கம். குதிரைகளுக்கு வரும் ஒருவகைத் தொற்றுச் சோகையே அதற்குக் காரணம். அந்நோய் பற்றிய குதிரை புறத்தே நலமாகத் தோன்றினும், ஆயுள் முழுவதும் கிருமியைச் சுமந்து திரியும். அதனைக் கண்டறியும் சோதனையை லெராய் கொகின்ஸ் என்னும் அறிஞர் 1970ஆம் ஆண்டளவில் வகுத்தார். கண்ணுக்குப் புலப்படாததைக் காகிதம் சொல்லிற்று.

காகிதம் இன்றி நோய் புகுந்த கதையை இலங்கையும் அறியும். பல்லாண்டுகள் இந்நாட்டில் இல்லாதிருந்த மாட்டு வெக்கை நோய், 1987ஆம் ஆண்டிலே இந்தியப் படையினரின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு மீண்டும் வந்தது. அதனை ஒழிக்க 1994ஆம் ஆண்டு வரை சென்றது. பின்னர் 2011ஆம் ஆண்டில் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக ஒரு நாட்கூலியை இழப்பது ஏழைக்குப் பெருங் கஷ்டமே. அதனை விரைந்து வழங்குதல் அதிகாரிகளின் கடன். எனினும், இரவோடிரவாக மாட்டைக் கடத்துபவர் ஏமாற்றுவது பொலிஸாரை மட்டுமன்று. ஒரே பசுவின் பாலை நம்பி அடுப்பு மூட்டும் அயலூர்க் குடும்பத்தையும் அவர் ஏமாற்றுகின்றார். ஓர் ஊர் மற்றோர் ஊருக்கு அளிக்கும் வாக்குறுதியே அந்தச் சிறு பத்திரம். அதனைப் பொய்யாக்காதிருத்தல் யாவர்க்கும் பொதுவான கடமையாகும்.