வீட்டுக் காவலும் கூட்டுறவும்

(சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



சிக்கனமாய் வாழ்ந்து சேமிக்கும்படி நமது சங்கம் போதித்து வருகிறது. அவ்விதம் பாடுபட்டுச் சேர்த்த நகையும் ரொக்கமும் ஒரே இரவில் களவு போகுமாயின் அப்போதனையால் பயன் யாது? ஆகையால் வீட்டுக் களவைத் தடுக்கும் மார்க்கத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகள் முன்னர் ஏரியும் வயலுமாக இருந்தன. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஏற்பட்டபின் ஜனத்தொகை பெருகிற்று. பழைய கிராமத்தில் எவர் வீட்டுக்கு எவர் வந்தார் என்பது தெரு முழுவதும் அறிந்த விஷயம். புதிய மனைப் பிரிவுகளிலோ, கணவனும் மனைவியும் வேலைக்குச் சென்றபின் வீடு பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த வீட்டாரின் பெயரும் தெரிவதில்லை. கவனிப்பாரற்ற வீட்டையே கள்வன் தேடுகிறான்.

சர்க்கார் 2022 ஜனவரி 1 முதல் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனரேட் ஏற்படுத்தினர். இம்மூன்று ஊர்களும் அதன் எல்லைக்கு உட்பட்டவை. வெளியூர் செல்வோர் போலீஸ் நிலையத்தில் தெரிவித்தால், ரோந்து வருவோர் பூட்டிய வீட்டைக் கவனிப்பர். ஆயினும் ரோந்து தெருவைக் கடந்து செல்ல ஒரு நிமிஷம் ஆகும். எஞ்சிய நேரமெல்லாம் காவல் அண்டை வீட்டாருடையதே.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கர்க்ஹோல்ட் என்னும் குடியிருப்பில் 1980-களில் களவு மிகுந்திருந்தது. ஒருமுறை களவு போன வீடே மறுமுறையும் களவு போவதை அதிகாரிகள் கண்டனர். அவ்வீடுகளின் பூட்டுகளைப் பலப்படுத்தினர். கள்வரை இழுத்த, காசு போடும் மீட்டர்களை அகற்றினர். சுற்றியுள்ள ஆறு வீட்டாரைக் கவனித்துவரச் செய்தனர். களவு பெரிதும் குறைந்தது. பின்னர் அங்கே நமது சங்கம் போன்ற ஒரு சேமிப்புக் கடன் சங்கமும் தோன்றியது.

நாம் செய்யத்தக்கவை நான்கு.

முதலாவது, ஆறு வீடுகளுக்கு ஒரு காவல் குழு. வெளியூர் சென்றவர் வாசலில் பாலும் பத்திரிகையும் குவியாமல் எடுத்துவைத்து, மாலையில் விளக்கேற்றுவது அதன் வேலை.

இரண்டாவது, களவு போன வீட்டின் கதவையும் தாழ்ப்பாளையும் உடனே செப்பனிடுதல். உபவிதி இடங்கொடுக்குமாயின் சங்கம் இதற்குச் சிறு கடன் வழங்கலாம்.

மூன்றாவது, நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, அவற்றின் எடையையும் படத்தையும் ரசீதையும் தனியே காத்தல்.

நான்காவது, எரியாத தெருவிளக்கிற்குச் சங்கத்தின் பெயரால் மனுச் செய்தல். அம்பத்தூரார் சென்னை மாநகராட்சிக்கும், ஆவடியார் தமது மாநகராட்சிக்கும், பூந்தமல்லியார் நகராட்சிக்கும் எழுதவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 1911 முதல் சென்னை மாகாணத்தில் அமலிலிருந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பல ஜாதியாரைப் பிறப்பினாலேயே கள்வரென முத்திரையிட்டது. 1947-ல் அது ரத்தாயிற்று. இன்று பிழைப்புக்காக வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளரை அதே கண்ணோடு பார்த்தல் தகாது. கண்டதைச் சொல்லுங்கள், ஊகித்ததைச் சொல்லாதீர்கள். பிடிபட்டவரை அடிக்காமல் போலீசாரிடம் ஒப்புவியுங்கள்.

இக்கூட்டம் கலையுமுன் தெருவுக்கு ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.