பஸ் வரும் ரோட்டும் காபன் கணக்கும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அன்றாடப் பயணத்தில் காபனைக் குறைப்பது பற்றி இன்று பேசப் போகிறோம் என்றதும் வாசலிலேயே ஒரு தலைவி கேட்டுவிட்டார்: "மலைக்கு நடந்து போறோம், நடந்து வாறோம். நாங்க எதைக் குறைக்க?"

நியாயமான கேள்வி. வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டிய புத்தியை லயத்துக்கு வந்து சொல்வதில் பொருளில்லை. பெரட்டுக்குப் போகவும் கொழுந்து மடுவத்துக்குச் சுமந்து வரவும் நாம் ஒரு சொட்டுப் பெற்றோல் எரிப்பதில்லை.

ஆனால் தோட்டத்தைவிட்டு வெளியே போகும் பயணம் வேறு. ஆஸ்பத்திரிக்கு, வங்கிக்கு, பிள்ளைகளின் உயர்தர வகுப்புக்கு, சாமான் வாங்க டவுனுக்கு. மேல் டிவிஷன்களில் இதற்கெல்லாம் இன்று ஆட்டோதான். ஒருமுறை போய் வந்தால் அன்றைய பேரில் பெரும்பகுதி ஆட்டோவுக்கே போய்விடுகிறது. காசும் புகையும் ஒரே வழியில்தான் போகின்றன. ஆகவேதான் இது தொழிற்சங்கம் பேச வேண்டிய விடயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. டவுனிலிருந்து 10 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு டிவிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோ மூன்று பேரை ஏற்றி மேலே வந்து வெறுமையாக இறங்குகிறது. லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடினால் ஒரு லீற்றர் முடிந்தது. தலைக்கு ஏறக்குறைய 770 கிராம். லீற்றருக்கு 3 கிலோமீற்றர் ஓடும் பஸ் 50 பேரை ஏற்றி வந்து, அதுவும் வெறுமையாகவே திரும்புகிறது என்று வைத்தாலும் தலைக்கு 360 கிராம்தான். பாதிக்கும் குறைவு.

இதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அந்த பஸ்ஸில் 24 பேராவது ஏறாவிட்டால் ஆட்டோவே மேல். பதினொரு மணிக்கு ஆளில்லாமல் ஓடும் பஸ்ஸால் யாருக்கும் பயனில்லை. அதனால் "எங்களுக்கும் பஸ் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. எந்த நேரத்துக்கு, எத்தனை பேருக்கு என்று கேட்க வேண்டும். காலையில் பள்ளிக்கூட நேரம், மாலையில் வகுப்பு விடும் நேரம், சம்பளத்துக்கு அடுத்து வரும் ஞாயிறு. பள்ளிக்கூட நேரத்துக்கு 'சிசு செரிய' பஸ்ஸையே கேட்கலாம்.

பஸ் ஏன் வருவதில்லை? ரோட்டைக் கேளுங்கள், சொல்லும். இந்த மலைநாட்டில் பாதைகள் தேயிலைக்காகப் போடப்பட்டவை. ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது, 1924இல் பதுளையை எட்டியது. தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகம் போக வழி கிடைத்தது. தோட்டத்து ரோட்டும் கொழுந்து ஃபெக்டரிக்குப் போய்ச் சேர வெட்டியதுதான். அதில் கொழுந்து லொறி வரும், டிரக்டர் வரும். குழியும் கல்லுமான வளைவில் பஸ்ஸைத் திருப்ப எந்தச் சாரதியும் துணியமாட்டார்.

அந்த ரோட்டைத் திருத்தக் கேட்டால், தோட்டத்துக்குச் சொந்தமான ரோட்டில் சபைப் பணத்தைப் போட முடியாது என்பார்கள். நீண்ட காலம் அந்தப் பதிலுக்குச் சட்டத்தின் துணை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. இன்று தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை செலவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. பழைய பதிலையே இப்போதும் யாராவது சொன்னால், திருத்தத்தின் பிரதியைக் கையில் கொடுங்கள். வாய்ப்பேச்சைவிட அது வேலை செய்யும்.

ஆட்டோ ஓட்டும் தம்பிமார் பின்வரிசையில் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நீங்களும் நம் லயத்துப் பிள்ளைகள்தான், லீசிங் கட்டுவது யார் என்பதும் தெரியும். உங்கள் பிழைப்பில் கை வைக்க வரவில்லை. பஸ் நிற்கும் சந்தியிலிருந்து லயம்வரை ஏற்றம்தான், சுமையோடு ஏற முடியாது. அந்தக் குறுகிய ஓட்டம் உங்களுடையது. இரவில் நோயாளியோடு ஓடுவதும் நீங்கள்தான். 2022இல் கியூ.ஆர். முறையில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் தந்த காலத்தில், தூர ஓட்டத்தை விட்டு, சந்திக்குச் சந்தி ஆள் சேர்த்து ஓடியவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அதே முறைதான்.

மின்சார ஆட்டோ பற்றியும் கேட்கிறார்கள். லக்ஷபானவிலும் மேல் கொத்மலையிலும் எடுக்கும் மின்சாரம் நம் மலைத் தண்ணீரில் வருவது. மழை நன்றாகப் பெய்யும் மாதங்களில் அதில் சார்ஜ் ஏற்றினால் புகை மிகக் குறைவு. விலை இன்று நமக்கு எட்டாது. சலுகை வட்டியில் கடன் கேட்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம், ஆனால் முதலிடம் ரோட்டுக்குத்தான்.

இப்போது ஒவ்வொரு தலைவியிடமும் ஒரு தாள் தருகிறோம். வரும் திங்கள் முதல் ஞாயிறுவரை உங்கள் டிவிஷனிலிருந்து யார் யார், எத்தனை மணிக்கு, எங்கே, எதில் போனார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்று குறியுங்கள். பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும். எழுதச் சிரமமானவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் பஸ் திரும்ப முடியாத வளைவுகளைத் தலைவர்மார் நடந்து பார்த்து எண்ணி எழுதட்டும். இரண்டு தாளும் அடுத்த கமிட்டிக்கு முன் வந்து சேர்ந்தால், பிரதேச சபைக்கும் இ.போ.ச. சாலைக்கும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.