சர்க்கரையில்லாத் தேநீர்

விருந்தாளி வந்தவுடன் வீட்டுப் பையனைக் கடைக்கு அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொல்வது நம் தென் மாவட்டங்களில் நெடுநாளாக நிலவிவரும் உபசாரம். அந்தக் கலரும், அதைப் பின்தொடர்ந்து வந்த கோலா வகைகளும், பழத்தின் படத்தை மேலே ஒட்டிக்கொண்டு வரும் இனிப்பு நீர்களும் இன்று விருந்தாளிக்கென்றில்லாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பைக்குள்ளும், அலுவலகத்து மேஜையின் மேலும், தினந்தோறும் தாகம் தீர்க்கும் பதார்த்தமாக இடம்பிடித்துவிட்டன. இவற்றுக்கு மாற்றாக எதைக் குடிக்கலாம் என்று கேட்டால், தண்ணீர், மோர், தேநீர் என்று வைத்தியர்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். சொல்வது சுலபம், ஆயினும் தேநீரைச் சர்க்கரை சேர்க்காமல், மருந்தை விழுங்குவதுபோல் முகத்தைச் சுளிக்காமல், அதன் சொந்தச் சுவைக்காகவே விரும்பி அருந்துவதென்பது பயின்று பெறவேண்டிய ஒரு கலை என்பதே என் அபிப்பிராயம். அந்தக் கலையின் பெறுமதியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் பாட்டிலுக்குள் இருப்பதைப் பார்ப்போம். சாதாரணமான ஒரு கோலா பானத்தில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை கரைந்திருக்கிறது. 300 மில்லி கொள்ளும் ஒரு பாட்டிலைக் காலி செய்தவர், தாம் அறியாமலே 30 கிராமுக்கு மேல் சர்க்கரையை உட்கொண்டவராகிறார். உணவில் நாமாகச் சேர்க்கும் சர்க்கரையோடு தேனிலும் பழச்சாற்றிலும் உள்ளதையும் கூட்டிக் கணக்கிட்டு, அது நம் உடலுக்குக் கிடைக்கும் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டலாகாது, கூடுமானால் 5 சதவீதத்துக்குள், அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஒரே பாட்டில் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. கட்டியான உணவில் உள்ள இனிப்பு வயிற்றை நிறைத்துப் பசியை ஓரளவேனும் அடக்குகிறது. நீரில் கரைந்த இனிப்போ பசியைத் தொடாமலே இரத்தத்தில் கலந்துவிடுவதால், அதைக் குடித்தவர் அடுத்த வேளைச் சோற்றில் ஒரு பிடியும் குறைத்துக்கொள்வதில்லை. நீரிழிவு உள்ளோர் தொகை 10 கோடியைத் தாண்டிவிட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் தெரிவித்த ஒரு தேசத்தில் இதை அற்ப விஷயமென்று தள்ளிவிட முடியுமா?

2017ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தீர்மானித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜல்லிக்கட்டுக்காக எழுந்த கிளர்ச்சியின் உணர்ச்சியும், வறட்சிக் காலத்தில் நிலத்தடி நீர் உறிஞ்சப்படுகிறதே என்ற கவலையும் அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தன. சுதேச உணர்ச்சி போற்றத்தக்கதே. ஆயினும் தேகாரோக்கியத்தின் பக்கம் நின்று பார்க்கும்போது, அந்நியப் பாட்டிலை வைத்துவிட்டு உள்ளூர்ப் பாட்டிலை எடுத்தவருக்கு முத்திரை மாறியதே ஒழியச் சர்க்கரை மாறவில்லை. பதநீரும் கரும்புச்சாறும் இயற்கையானவை என்ற ஒரே காரணத்தால் அவற்றை வரம்பின்றிக் குடிக்கலாம் என்று எண்ணுவோரும் உண்டு. இவை இரண்டும் பத்துக்கு ஒரு பங்கோ அதற்கு மேலோ சர்க்கரை உடையவை. எப்போதாவது ஒருநாள் ஆசைக்கு அருந்தத்தக்கவை, அன்றாடத் தாகத்துக்கு உரியவை அல்ல.

இப்போது தேநீருக்கு வருவோம். இங்கேயும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. குளிர்பானத்தைத் தொடுவதே இல்லை என்று பெருமையோடு சொல்லும் ஒருவர், காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் இரண்டு என நான்கு டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொள்வாரானால், அவர் உட்கொள்வது 32 கிராமுக்குக் குறையாது. கோலா பாட்டில் நான்கு தவணைகளாக உள்ளே போய்விட்டது என்பதே இதன் பொருள்.

தேநீருக்குச் சர்க்கரை ஏன் இத்தனை இன்றியமையாததாயிற்று? தேயிலைச் செடி தன் சுபாவத்தில் சர்க்கரையை வேண்டுவதன்று. நாம் அதைக் கையாளும் முறைதான் வேண்டுகிறது. இந்திய மக்களைத் தேநீருக்குப் பழக்க முற்பட்ட விளம்பரக் குழுவினர், வங்காளத்து ரயில் நிலையங்களில் எனாமல் தகடுகளை மாட்டிவைத்துத் தேநீர் இறக்கும் முறையைப் படிப்படியாகக் கற்பித்தார்கள். ஆனால் இலையின் விலை ஏழைக் கடைக்காரருக்கு எட்டாத உயரத்தில் இருந்தபடியால், அவர் இலையைக் குறைத்துப் பாலையும் சர்க்கரையையும் கூட்டித் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அதன்பின், 1930ஆம் ஆண்டு வாக்கில் அஸ்ஸாமில் உருவான, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. இயந்திரம் காலப்போக்கில் நாடெங்கும் பரவி, சாயம் சீக்கிரம் இறங்குகிற டீத்தூளை மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தது. அந்தத் தூளை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கக் கொதிக்க விடும்போது கறுத்த சாயமும் கடுந்துவர்ப்பும் இறங்குகின்றன. அந்தத் துவர்ப்பை மறைக்கப் பாலும், பாலின் கனத்தைத் தூக்கிவிடச் சர்க்கரையும் தேவைப்படுகின்றன.

நல்ல இலையை நல்ல முறையில் இறக்கினால் நடப்பதே வேறு. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் நாட்களை ஒட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கும் கொழுந்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. குளிரில் செடியின் வளர்ச்சி மந்தமாகி, துளிரில் மணம் செறிந்து நிற்பதே அதற்குக் காரணம். அந்தக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப் பட்டு நிறம் மாறும்வரை விட்டு, உலர்த்தி எடுக்கும் பழைய முறைக்கு ஆர்த்தடக்ஸ் என்று பெயர். அப்படிப்பட்ட இலையில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது குவியாமல் எடுத்த ஒரு தேக்கரண்டி, 150 மில்லி தண்ணீருக்குப் போதும். தண்ணீர் புதிதாகப் பிடித்ததாக இருக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, வெந்நீர் விட்டு அலம்பிச் சூடேற்றிய பாத்திரத்தில் இலையைப் போட்டு, மேலே நீரை வார்த்து மூடிவிட வேண்டும். முதல் நிமிஷத்தில் வைக்கோல் நிறம் படர்கிறது. சுருண்டிருந்த இலைகள் சோம்பல் முறித்துக்கொண்டு விரிகின்றன. மூன்றாம் நிமிஷத்தில் செம்பொன் நிறம் திரண்டு, மூடியைத் திறந்ததும் பூவின் மணமா பழத்தின் மணமா என்று உடனே சொல்லமுடியாத ஓர் இளவாசனை எழுகிறது. இலையிலுள்ள காபீனும், நாவில் மென்மையாகப் படியும் தியானின் என்ற சத்தும் முன்னதாகவே இறங்கிவிடுகின்றன. துவர்ப்பைத் தருகிற பொருள்கள் நேரம் ஆக ஆக மேலும் மேலும் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மூன்று நான்கு நிமிஷங்களில் வடிகட்டிவிடுவதில்தான் இந்தக் கலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இப்படி இறக்கிய தேநீரில் சர்க்கரை போடுவது, வாய்ப்பாட்டுக்கு நடுவே மேளத்தை ஓங்கி முழக்குவது போன்றது.

வெயில் காலத்தில் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் குளிர்ந்த குடிநீரில் நாலைந்து தேக்கரண்டி இலையைப் போட்டு, இரவு முழுதும் குளிர்பெட்டியில் மூடிவைத்துக் காலையில் வடித்தால், துவர்ப்பு ஏறாத தெளிந்த தேநீர் கிடைக்கும். எலுமிச்சையை இரண்டு சொட்டுப் பிழிந்துகொள்ளலாம். கடையில் ஐஸ் டீ என்ற பெயரோடு பாட்டிலில் வருபவற்றுள் பெரும்பாலானவை சர்க்கரை நீரே ஆகையால், வாங்குவோர் சீட்டைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நாக்கு பழக்கத்தின் வழி நடப்பது. இரண்டு கரண்டியிலிருந்து ஒரேநாளில் சூன்யத்துக்கு இறங்கியவர்கள் பலர் ஒரு வாரத்தில் மூன்று கரண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒன்றரை, ஒன்று, அரை என்று சில வாரங்களுக்கு ஒருமுறை படியிறங்குவோரே நிலைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் அருமையான வழக்கம் இருக்கிறது. வெறுந்தேநீரைச் சர்க்கரை கலக்காமல் ஊற்றிவைத்துக்கொண்டு, பனங்கட்டியை ஒரு துளி கடித்து, தேநீரை ஒரு மிடறு உறிஞ்சுகிறார்கள். பனங்கட்டியும் சர்க்கரைதான், சந்தேகமில்லை. ஆனால் கரைந்து மறைந்துபோகாமல் கையிலேயே இருப்பதால் எவ்வளவு கடித்தோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது, தேநீரின் தனிச்சுவையும் நாவுக்குப் பழகுகிறது. இடைப்படியாக இதைவிடச் சிறந்த முறையை நான் காணவில்லை. செயற்கை இனிப்பு மாத்திரைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவை நாக்கை இனிப்பின் அடிமையாகவே வைத்திருக்கின்றன. எடைக் குறைப்புக்கு அவற்றை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் கூறியிருக்கிறது.

நாவைவிட வணங்காதது ஊர் வழக்கம். டீக்கடையில் நின்று, “மாஸ்டர், சர்க்கரை இல்லாம ஒரு டீ” என்று சொன்னவுடன், பக்கத்தில் நிற்பவர் பரிவோடு திரும்பி, “என்னண்ணே, சுகரா?” என்று கேட்கிறார். உறவினர் வீட்டிலோ, “ஒரு கரண்டிகூடப் போடாம எப்படிம்மா குடுக்கறது?” என்று அத்தையும் சித்தியும் மனம் நோகிறார்கள். இனிப்பில்லாத பானம் நோயாளிக்கு உரியது, இனிப்பைக் குறைத்தால் உபசாரத்தில் குறைவு வந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அத்தையின் அன்பை நான் குறைசொல்லவில்லை. அந்த அன்பு நல்ல இலையைத் தேடி வாங்குவதிலும், தம்ளரைச் சூடேற்றி வைப்பதிலும், வந்தவர் முன்னால் பக்குவமாக வடித்துத் தருவதிலும் வெளிப்படலாமே என்றுதான் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

தேநீர் எல்லாருக்கும் எந்நேரமும் ஏற்றதென்று சொல்வது நேர்மையாகாது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அதிலுள்ள டானின் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரைத் தவிர்க்க வேண்டுமென்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியிருக்க, இட்லி தட்டுக்குப் பக்கத்திலேயே டீத் தம்ளரை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை நம் தாய்மார்கள் இன்றே மாற்றிக்கொள்வது அவசியம். குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டாம். கடைந்த மோரில் தாராளமாக நீர் விளாவி, இஞ்சியைத் தட்டிப்போட்டு, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிள்ளிப் போட்டு, உப்பு அளவாகச் சேர்த்த நீர்மோர் அவர்களுக்குப் போதும், நமக்கும் போதும்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நீலகிரியில் சிறு நிலம் வைத்துக்கொண்டு தேயிலை பயிரிடும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை வேண்டுமென்று பல ஆண்டுகளாகக் கோரிவருகின்றன. சாயம் கறுப்பாக இறங்கினால் போதும் என்று கேட்கிற சந்தையில், இரண்டு இலையும் ஒரு துளிருமாகப் பொறுக்கிப் பறித்த கொழுந்துக்கும், முற்றிய இலையைக் கத்தரித்து அள்ளியதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. பாலும் சர்க்கரையும் அந்த வித்தியாசத்தை மூடிவிடுகின்றன. சர்க்கரையை விட்டவர் நாவில் அது முதல் மிடறிலேயே தெரிந்துவிடும். அவர் மளிகைக்கடைக்குப் போய், இது எந்த மலையில், எந்த மாதத்தில் பறித்த இலை என்று விசாரிப்பார். கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், மொத்த வியாபாரியிடம் கேட்டுவரச் சொல்வார். அந்தக் கேள்வி வாரந்தோறும் குன்னூரில் நடக்கும் ஏலம்வரை போய்ச் சேர வேண்டும் என்பது என் பேராசை.