கைக்கு மட்டும் தெரிந்த ஃபவுல்



சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பொட்டுவெடியைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொம்மைத் துப்பாக்கியில் சுருளை மாட்டி விசையை அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். ஏறக்குறைய அதே சத்தம் ஒரு காலத்தில் பில்லியர்ட்ஸ் மேசையிலும் கேட்டிருக்கிறது.

1860களில் பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தில்தான் கடைந்தார்கள். ஒரு தந்தத்தில் நாலைந்து பந்து தேறினால் பெரிது. தந்தம் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போகவும், பில்லியர்ட்ஸ் சாமான் செய்யும் ஓர் அமெரிக்க நிறுவனம், மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. ஜான் வெஸ்லி ஹயாட் என்ற இளைஞர் அந்த முயற்சியில் இறங்கினார். அவர் அச்சகத் தொழிலாளி. பருத்தியை அமிலத்தில் ஊறவைத்தால் வெடிப்பஞ்சு ஆகும். அதைக் கரைத்து எடுத்த பசையை அவர் பந்தின் மேல் பூசினார். பந்துகள் வேகமாக மோதும்போது சில நேரம் துப்பாக்கி கேப் வெடிப்பதுபோலச் சத்தம் எழுந்தது. கொலராடோவில் பில்லியர்ட்ஸ் மேசை வைத்திருந்த ஒரு மதுக்கடைக்காரர் அவருக்குக் கடிதம் போட்டார். சத்தத்தைப் பற்றித் தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் சத்தம் கேட்டதும் அறையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள் என்று. இதைப் பிற்காலத்தில் ஹயாட்டே ஒரு மேடையில் சொல்லியிருக்கிறார். அந்த முயற்சியிலிருந்துதான் செல்லுலாய்டு பிறந்தது.

பருத்தி, அச்சு, வெடி. மூன்றும் நம் விருதுநகர் மாவட்டத்தின் பிழைப்பு. அதனால்தானோ என்னவோ, இந்தக் கதை எனக்கு நெருக்கமாகிவிட்டது. ஆனால் அதில் என்னை யோசிக்க வைத்தது அந்த அறைதான். ஒருவரை ஒருவர் துளியும் நம்பாத மனிதர்கள் அங்கே கூடி ஆடியிருக்கிறார்கள். இன்று நான் பேச வந்திருப்பது, அதே ஆட்டத்தை நம்பிக்கையின் மேல் ஆடுகிறவர்களைப் பற்றி.

பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடும் ஸ்னூக்கரை வெளிநாட்டு ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிறந்தது இந்தியாவில். 1875இல், ஜபல்பூர் ராணுவ முகாமில், நெவில் சேம்பர்லைன் என்ற இளம் அதிகாரி, பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லைன் வேறு, இவர் வேறு. ராணுவப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவனை 'ஸ்னூக்கர்' என்று கேலியாக அழைப்பார்களாம். அந்தப் பெயரே ஆட்டத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதன் விதிகளை எழுதி மாட்டியது நம் ஊட்டியில், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882இல். 2025 நவம்பரில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலகப் பட்டம் வென்றபோது, நம் வீட்டில் பிறந்த ஆட்டம் வீடு திரும்பியது போல இருந்தது எனக்கு.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தவறு செய்தவரே வாய் திறந்து 'ஃபவுல்' என்று சொல்லிவிட வேண்டும். குனிந்து குறிபார்க்கும்போது சட்டைக் கை பக்கத்துப் பந்தில் லேசாக உரசியிருக்கும். கோலின் நுனியிலுள்ள டிப் வெள்ளைப் பந்தை ஒரு முறைக்கு இரண்டு முறை தொட்டிருக்கும். பின்னால் நிற்கும் நடுவருக்கு இது தெரியாமல் போகலாம். சின்ன ஊர் பார்லர்களில் நடுவரே கிடையாது. எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது தொடல் அடித்தவர் கைக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் கேட்க நாதியில்லை. சொன்னால் குறைந்தது நாலு பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும். இருந்தும் நல்ல ஆட்டக்காரர்கள் சொல்கிறார்கள். மன்றத்தில் கேரம் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது புரியும். ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொடவில்லை என்று நாலு பேர் கத்துவதற்கு முன்னால், தானே காயை எடுத்து வைக்கிறவனுக்கு அங்கே தனி மரியாதை உண்டு.

அந்தப் பழக்கம் மேசையோடு நிற்பதில்லை. பந்தை அடிக்கும் கோலான கியூவை வாங்கி விற்பதிலும் அதைப் பார்க்கலாம்.

கியூவை நம்மூர்ப் பையன்கள் 'ஸ்டிக்' என்பார்கள். பார்வைக்கு ஒரு தடிதான். ஆனால் ஆடுகிறவருக்கு அது கையின் நீட்சி. ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி, சிறுவனாக இருந்தபோது கிடைத்த மலிவான ஒரு கியூவை வைத்துத்தான் அத்தனையும் வென்றார். 1990இல் அது திருடு போனபோது, மீட்டுத் தருபவருக்கு 10,000 பவுண்டு என்று அறிவித்து அதைத் திரும்பப் பெற்றார். 2003இல் விமானப் பயணத்தில் அது உடைந்தே போனது.

இப்படிப் பழகிய பொருளைப் பழைய விலைக்கு வாங்கும்போது எதைப் பார்ப்பது? மேசையில் உருட்டிப் பார்த்து, நேராக இருக்கிறது என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அடி பருத்து நுனி சிறுத்த தடியை உருட்டிப் பார்ப்பது அவ்வளவு நம்பகமில்லை. கண்ணுக்கு நேராகப் பிடித்து, மெல்லச் சுழற்றி, அடியிலிருந்து நுனிவரை பார்க்க வேண்டும். அப்போதும் நுனியிலுள்ள பித்தளை வளையத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் கீறல் தெரியாது. நடுவில் இணைக்கும் திருகு தளர்ந்திருப்பது பத்து அடி அடித்த பிறகுதான் தெரியும். விற்பவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

அமெரிக்காவில் கியூ சேகரிப்பவர்கள் ஒரு பெயரை மரியாதையோடு சொல்வார்கள்: ஜார்ஜ் பலபுஷ்கா. 1912இல் ரஷ்யாவில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்கா போனவர். 1959இல் கியூ செய்யத் தொடங்கி 1975இல் இறக்கும்வரை ஆயிரத்துக்கு மேல் செய்தார். பலவற்றில் அவர் பெயர்கூட இல்லை. அடிப்பாகத்துக்கான மரத்தைப் பெரும்பாலும் மற்றவர்களிடம் வாங்கினார். அதனால் போலிகள் பெருகின. 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலபுஷ்கா என்று காட்டிய கியூகூட உண்மையில் வேறொரு நிறுவனம் செய்தது. சினிமாவில் அது குற்றமில்லை. பெருந்தொகை கொடுத்து வாங்குகிறவருக்கோ, அந்தக் கியூ யார் யார் கை மாறி வந்தது என்று உண்மை பேசும் ஒரு மனிதரின் சொல்லைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பழைய கியூ ஒன்று வாங்கினேன். "புதுசு மாதிரி இருக்கு சார்" என்றார் விற்றவர். இரண்டு வாரத்தில் நுனியில் பசை விட்டுக் கீறல் வெளியே வந்தது. கீறலில் பசை ஊற்றி, தேய்த்து, மரத்தின் நிறம் ஏற்றியிருந்தார்கள். பணம் போனதைவிட, அவர் அதைக் கையில் தடவிக்கொண்டே என்னிடம் பேசியதுதான் வெகுநாள் உறுத்தியது.

அடுத்த கியூவை நான் பார்த்தே இராத ஒருவரிடமிருந்து வாங்கினேன். போனில் அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "அண்ணே, ஸ்டிக் நேராத்தான் இருக்கு. ஆனா டிப்புக்குக் கீழ முடி மாதிரி ஒரு கீறல் இருக்கு, நகம் வச்சா தட்டும். ஆடுறதுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா சொல்லாம விக்கக்கூடாதுல்ல, அதையும் சேர்த்து யோசிச்சுச் சொல்லுங்க." நான் கேட்காமலே விலையிலும் 500 ரூபாய் குறைத்தார். முன்பணம் அனுப்பினேன். பார்சல் வந்தது. நகம் வைத்துப் பார்த்தேன், அவர் சொன்ன இடத்தில் தட்டியது. இன்றும் அதில்தான் ஆடுகிறேன்.

சரக்கை முன்னால் அனுப்பிவிட்டு, தீபாவளி முடிந்து பணம் வரும் என்று காத்திருப்பது சிவகாசிக்காரர்களுக்குப் பழக்கம். விருதுநகர் மிளகாய் வியாபாரிக்கும், மூட்டைக்கு உள்ளே இருப்பதைச் சொல்லும் வாய் எவ்வளவு பெறும் என்று தெரியும். அதனால் இதை உங்களிடம் கேட்பது எனக்கு எளிது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கியூவோ, கேரம் பலகையோ, கிரிக்கெட் மட்டையோ இருக்கலாம். அதை ஒரு பையனுக்கு விற்கிறீர்கள் என்றால், விலையைச் சொல்வதற்கு முன்னால் அதில் இருக்கும் கீறலைத் தொட்டுக் காட்டுங்கள்.