பிள்ளை பல்கலைக்கழகம் போனபின் யாரிடம் கேட்பது?



பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்ததும் சொந்தபந்தம் எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லுகிறோம். கோயிலில் அர்ச்சனையும் செய்கிறோம். இனிப் பிள்ளை தானே படித்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2018ஆம் ஆண்டு என் மகன் வணிகத்துறையில் சேர்ந்தான். பாடசாலைக் காலத்தில் ரியூசனுக்கு ஏற்றி இறக்கியது நான். பல்கலைக்கழகத்திலோ பெரிய விரிவுரை மண்டபம். வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. மூன்றாம் வாரச் சிறு பரீட்சையில், கணக்கியலில் அவனுக்கு 20க்கு 6 புள்ளிகள். "எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டால் "பரவாயில்லை அப்பா" என்பான். பெறுபேறு வந்தபோதுதான் கணக்காளரின் மகன் கணக்கியலில் சித்தியடையவில்லை என்று வீட்டுக்குத் தெரிந்தது.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டால், நாங்கள் ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சனாங்கள் எண்டு தொடங்குவீங்கள்."

எனக்குப் பதில் வரவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின் நாங்கள் அப்படித்தான் படித்தோம். ஆனால் அந்தக் கதையில் பாதியை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். அந்த விளக்கடியில் நான் தனியே இருக்கவில்லை. ஒரு வருடம் மூத்த அண்ணை ஒருவர் பக்கத்தில் இருந்து, பேரேட்டில் எங்கே பிழை என்று என்னைக்கொண்டே கண்டுபிடிக்க வைப்பார். அவர் என் அப்பாவுமல்ல, விரிவுரையாளருமல்ல. அதனால் வெட்கமில்லாமல் கேட்டேன்.

அடுத்த செமஸ்ரரில் அதே பாடத்தைத் திரும்பப் படித்தபோது, மகன் 'பாஸ்' என்ற வகுப்புக்குப் போனான். அவுஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்களில் இந்த வகுப்பு இலவசமாக நடக்கிறது. அந்தப் பாடத்தில் முன்பு நன்றாகச் சித்தியடைந்த மூத்த மாணவர் ஒருவர், பயிற்சி பெற்று, கிழமைக்கு ஒருதடவை நடத்துவார். அவர் விடை சொல்லிக் கொடுப்பதில்லை, புள்ளி போடுவதுமில்லை. மாணவர்களே பேசித் தீர்க்கும்படி கேள்விகளைக் கேட்பார்.

இந்த முறை 1973இல் அமெரிக்காவில், மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிற்றி வளாகத்தில், டியானா மார்ட்டின் என்பவரால் தொடங்கப்பட்டது. அதன் அடிப்படை எனக்குப் பிடித்தது. பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதில்லை. பலரும் தடுக்கி விழும் கடினமான பாடம் எது என்று பார்த்து, அதைப் படிக்கும் எல்லோரையும் அழைப்பது. ஆகவே அங்கு போவதில் அவமானம் எதுவும் இல்லை.

என் மகனுக்கு வாய்த்தவர் வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளை. முதல்நாளே, "நானும் முதல் பரீட்சையில் கோட்டை விட்டனான்" என்றாளாம். நான் செலவழித்த இரண்டு மணிநேர விளக்கத்தைவிட அந்த ஒரு வசனம் அவனுக்கு உதவியது. பாடத்தில் சித்தியடைந்தான்.

பெற்றோருக்கு இரண்டு விடயங்கள் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் 'சென்சஸ் திகதி' என்று ஒன்று உண்டு. அதற்கு முன் முறைப்படி விலகினால் அந்தப் பாடத்தின் கட்டணம் ஹெக்ஸ் கடனில் ஏறாது. என் மகன் எங்களுக்குப் பயந்து அந்த நாளைக் கடக்கவிட்டான். சித்தியடையாத பாடத்துக்கும் கடன் நின்றது. பிள்ளையோடு இருந்து அந்தத் திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

மற்றது, "எத்தனை புள்ளி?" என்று கேட்பதற்கு முன் "யாரோடை சேர்ந்து படிக்கிறாய்?" என்று கேளுங்கள். நாங்கள் இழந்தவற்றையெல்லாம் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். அந்தப் பாரத்தோடு எங்களிடம் வந்து "விளங்கேல்லை" என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். அதைச் சொல்ல அவர்களுக்கு வேறொரு இடம் வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த வருடம் அந்த வகுப்பை நடத்த நீங்களும் விண்ணப்பியுங்கள்.